வேப்பெண்ணெயிலிருந்து மார்கோ வரை: கல்கத்தா கெமிக்கல் கம்பெனியின் வரலாறு

(அனுப்பர்பாளையத்தில் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சோப்பும் பற்பசையும் ஒரே நிறுவனத்தின் பெயரில் விற்கப்படுவதைக் கடைக்காரரும் வாங்குபவரும் இயல்பானதாகவே எடுத்துக்கொள்கின்றனர் என்றாலும், அதற்குப் பின்னால் வேதியியலும் வணிகமும் சேர்ந்து செய்த ஓர் ஏற்பாடு இருக்கிறது. எண்ணெயையோ கொழுப்பையோ காஸ்டிக் சோடா எனப்படும் எரிகாரத்துடன் சேர்த்துக் கொதிக்கவைத்தால் ஒரு பகுதி சோப்பாகிறது. மற்றொரு பகுதி கிளிசரின் என்னும், இனிப்புச் சுவையும் கெட்டித்தன்மையும் கொண்ட நீர்மமாகப் பிரிந்து, அடியில் தங்கும் காரநீரில் கலந்துவிடுகிறது. இந்தக் கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் தன்மையுடையது ஆதலால், பசை டியூபுக்குள்ளேயே காய்ந்து கட்டியாகிவிடாமல் காக்க அது நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. நுரைக்கும் பொருளும், வாசனை எண்ணெய்களும், அவற்றைக் கலக்கத் தெரிந்த வேதியியலாளரும் சோப்புத் தொழிற்சாலையில் ஏற்கெனவே இருப்பவை; சோப்பை மளிகைக் கடைக்குக் கொண்டுசேர்க்கும் அதே விற்பனையாளரே பற்பசையையும் கொண்டுசேர்க்க முடியும். நியூயார்க்கில் 1806-இல் சோப்பும் மெழுகுவத்தியும் விற்கத் தொடங்கிய வில்லியம் கோல்கேட்டின் நிறுவனம் 1873-இல் ஜாடியில் அடைத்த பற்பசையையும், 1896-இல் பிதுக்கி எடுக்கும் டியூபில் அடைத்த பற்பசையையும் விற்பனைக்குக் கொண்டுவந்து, 1928-இல் பாமாலிவ் சோப்பு நிறுவனத்தோடு இணைந்தது இந்த வழியில்தான்.

இந்தியாவில் இதே வழியில், ஆனால் அயல்நாட்டு முதலீடு எதுவுமின்றி, வேம்பு என்னும் ஒரே மரத்தை நம்பிச் சோப்பும் பற்பசையும் செய்த நிறுவனம் 1916-இல் தொடங்கப்பட்ட கல்கத்தா கெமிக்கல் கம்பெனி ஆகும். மார்கோ சோப்பை அறிந்த தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பல. அதைச் செய்த நிறுவனத்தின் பெயரை அறிந்தோர் மிகச் சிலர். அந்த நிறுவனத்தை வளர்த்தவை இரண்டு முடிவுகள்: மலிவான, பிறர் ஒதுக்கிய ஒரு மூலப்பொருளைத் தேர்ந்தது ஒன்று, எளியவரும் வாங்கும் விலையில் விற்றது மற்றொன்று. நிறுவனம் மறைந்த பின்னும் அதன் வணிகப்பெயர் மட்டும் பிழைத்திருப்பதற்கும் அந்த இரண்டு முடிவுகளே காரணம் என்பது இவ்வுரையின் கருத்து. பாத்திரப் பட்டறைகளும் பனியன் தொழிலும் அடுத்தடுத்து இயங்கும் அனுப்பர்பாளையம் போன்ற ஊரில் இந்த வரலாற்றைப் பேசுவதற்கான காரணம் உரையின் பிற்பகுதியில் விளங்கும்.

சோப்பு வருவதற்கு முன்னர் தமிழ்நாட்டில் தூய்மைக்குப் பொருள் இல்லாமல் இல்லை. துணிக்கு உவர்மண் இருந்தது. அதிலுள்ள இயற்கைக் காரம் அழுக்கை இளக்க, வெள்ளாவியில் வைத்து எடுத்த துணியின் வெண்மை சோப்பால் துவைத்த துணிக்குக் குறைந்ததாக இருக்கவில்லை. தலைக்குச் சீயக்காயும், கொங்கு நாட்டில் சிறப்பாக அரப்பும் இருந்தன. பல்லுக்கு ஆலங்குச்சி, வேலங்குச்சி, வேப்பங்குச்சி, உமிக்கரி, உப்பு என்று இடத்துக்கும் வசதிக்கும் ஏற்ப வகைகள் இருந்தன; பித்தளைக் குடத்துக்கும் செம்புத் தவலைக்கும் புளியும் சாம்பலும் போதுமாயிருந்தன. இவை எல்லாம் விலை கொடுக்காமலோ மிகச் சிறு விலையிலோ கிடைத்தவை ஆதலால், விலை கொடுத்து வாங்கவேண்டிய ஒரு கட்டியை இந்நாட்டு மக்களிடம் பழக்குவது எந்த உற்பத்தியாளருக்கும் எளிதாக இருந்திருக்க முடியாது. கல்கத்தா துறைமுகத்தில் 1888-இல் லீவர் சகோதரர்களின் சன்லைட் சோப்புப் பெட்டிகள் வந்திறங்கின. 1895-இல் லைஃபாய் வந்தது. தொடர்ந்து பியர்ஸ் வந்தது. தொடக்கத்தில் அவற்றை வாங்கியவர்கள் ஆங்கிலேயரும் நகர்ப்புற வசதி படைத்தோருமே.

அந்த இறக்குமதிக்கு எதிரான மனநிலையை உருவாக்கியது வங்கப் பிரிவினை. 1905 ஆகஸ்ட் 7-ஆம் நாள் கல்கத்தா நகரமன்றத்தில் அயல்நாட்டுப் பொருள் புறக்கணிப்பு அறிவிக்கப்பட்டு, அக்டோபர் 16-இல் பிரிவினை நடைமுறைக்கு வந்தபோது, சுதேசி என்பது முழக்கமாக மட்டும் இருந்தால் போதாது, அயல்நாட்டுப் பொருளுக்கு ஈடான பொருளைச் செய்து காட்டவேண்டும் என்ற எண்ணமும் வலுப்பெற்றது. தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியதும் அதே எண்ணத்தின் விளைவே. வங்கத்திலோ அதற்கு ஒரு முன்னோடி இருந்தார்: வேதியியல் பேராசிரியர் பிரபுல்ல சந்திர ராய் நடத்திய பெங்கால் கெமிக்கல் நிறுவனம் 1901-இலேயே பங்கு நிறுவனமாகியிருந்தது. 1904-இல் கல்கத்தாவில் ஜோகேந்திர சந்திர கோஷின் முயற்சியால், இந்திய இளைஞர்களை அறிவியல், தொழிற்கல்விக்காக ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பும் சங்கம் ஒன்று அமைந்தது. சுதேசித் தொழில்கள் பலவற்றுக்கு இந்தச் சங்கத்தின் உதவித்தொகை செய்த நன்மை, மேடைகளில் எரிக்கப்பட்ட அயல்நாட்டுத் துணி செய்த நன்மையைவிடக் குறைந்ததன்று. ஆயினும் பாடநூல்களில் தீக்கு உள்ள இடம் உதவித்தொகைக்கு இல்லை.

அந்த உதவித்தொகையில் சென்றவர்களுள் ஒருவர் ககேந்திர சந்திர தாஸ். நீதித்துறையில் பணியாற்றிய தாரக் சந்திர தாஸின் மகனான இவர், சிப்பூர் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். சுதேசி இயக்கத்தில் அவருடைய ஈடுபாடு கைதில் முடியும் என்று அஞ்சிய தந்தை அவரை இலண்டனுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தபோது, ஆட்சியாளரின் நாட்டுக்குச் செல்ல விரும்பாமல் அமெரிக்காவைத் தேர்ந்தெடுத்தார். கலிபோர்னியாவில் இந்திய மாணவர்கள் 1907 வாக்கில் அமைத்த விடுதலைச் சங்கத்தோடும் அவர் பெயர் இணைத்துப் பேசப்படுகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1910-இல் வேதியியல் பட்டம் பெற்றார். பின்னாளில் டக்பேக் மழைக்கோட்டால் பெயர்பெற்ற பெங்கால் வாட்டர்புரூஃப் நிறுவனத்தை அமைத்த சுரேந்திர மோகன் போஸ் அவருடன் அங்கே பட்டம் பெற்றவர். தாயகம் திரும்பும் வழியில் ஜப்பானில் தங்கித் தொழில் முறைகளைக் கவனித்துவிட்டு வந்த தாஸ், வாழ்நாள் முழுவதும் கதர் அணிந்தவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916-இல், ஆர். என். சென், பி. என். மைத்ரா என்னும் இருவருடன் சேர்ந்து தாஸ் கல்கத்தா கெமிக்கல் கம்பெனியைத் தொடங்கினார். போர் அயல்நாட்டுக் கப்பல்களின் வரவைக் குறைத்து, மருந்துக்கும் வேதிப்பொருளுக்கும் தட்டுப்பாட்டை உண்டாக்கியிருந்தது. முழக்கத்தால் பெற முடியாத சந்தையைத் தட்டுப்பாடு திறந்துவிட்டது என்று சொல்லலாம். பாலிகஞ்ச் பகுதியின் பண்டிதியா சாலையில் நிறுவனம் அமைந்தது; குளியல் பொருள்களில் இறங்கிய பின்னர் தில்ஜலாவில் தொழிற்சாலை எழுந்தது.

இதே காலத்தில் தென்னிந்தியாவிலும் சோப்பு ஆலைகள் தோன்றின. சென்னை மாகாண அரசு 1914-இல் கோழிக்கோட்டில் சோப்பு நிலையம் ஒன்றை நிறுவியது. மீன்வளத் துறையில் பணியாற்றிய பிரெடரிக் நிக்கல்சன் மீன் எண்ணெயிலிருந்து சோப்பு செய்து பார்த்த சோதனைகளே அதன் தோற்றுவாய். 1917-இல் உருவான டாட்டா எண்ணெய் ஆலை நிறுவனம் கொச்சிப் பகுதியின் தேங்காயெண்ணெயை நம்பி எரணாகுளத்தில் ஆலை அமைத்தது. தமிழ்நாட்டு வீடுகளில் நிலைபெற்ற ஹமாம் அந்த நிறுவனம் கொண்டுவந்த சோப்பே. போரால் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி நின்று மைசூரில் சந்தனக் கட்டை குவிந்தபோது, நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் அரசு 1916-இல் சந்தன எண்ணெய் ஆலையையும், 1918-இல் சோப்பு ஆலையையும் தொடங்கியது. பம்பாயில் கோத்ரெஜ் விலங்குக் கொழுப்பில்லாத சோப்பைக் கொண்டுவந்ததும் அந்த ஆண்டுகளில்தான். இவற்றுள் மைசூரையும் கல்கத்தாவையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பது பயனுடையது. மைசூர் அரசு எடுத்துக்கொண்டது, மணத்துக்காகவே உலகம் விலைகொடுக்கும் மரத்தின் எண்ணெய். கல்கத்தா நிறுவனம் எடுத்துக்கொண்டது, மணத்தால் எவரும் விரும்பாத, விளக்கெரிக்கவும் புண்ணுக்குப் பூசவும் மட்டுமே பயன்பட்ட எண்ணெய். முன்னதில் அரசின் கருவூலம் துணை நின்றது; பின்னதில் வேதியியலின் துணை மட்டுமே இருந்தது.

வேப்பெண்ணெயைச் சோப்பாக்குவதில் உள்ள இடர்ப்பாட்டைச் சற்று விரிவாகவே விளக்க வேண்டும். வைகாசி, ஆனி மாதங்களில் பழுத்து உதிரும் வேப்பம்பழத்தைப் பெண்களும் சிறுவர்களும் பொறுக்கி, சதையைக் கசக்கி நீக்கி, கொட்டையை வெயிலில் உலர்த்தி வியாபாரிக்கு அளந்து போடுகின்றனர். ஈரம் போகாமல் மூட்டை கட்டினால் பூசணம் பிடித்து எண்ணெயின் தரம் கெடும் என்பதால், வாங்குபவர் கையை மூட்டைக்குள் விட்டு அடிக்கொட்டையை எடுத்து உடைத்துப் பார்த்தே விலை சொல்வார். செக்கிலோ எக்ஸ்பெல்லர் எனப்படும் திருகு அழுத்த இயந்திரத்திலோ ஆட்டி எடுத்த எண்ணெய் பழுப்பு நிறமும், கந்தகச் சேர்மங்களால் வரும் பூண்டு போன்ற நாற்றமும், நாக்கில் வெகுநேரம் நிற்கும் கசப்பும் உடையது. கொழுப்பு அமிலங்களைப் பொறுத்தவரை அதில் குறை ஒன்றும் இல்லை. ஒலியிக், ஸ்டியரிக், பால்மிடிக் அமிலங்கள் நிறைந்த அந்த எண்ணெய் நல்ல கட்டிச் சோப்பைத் தரவல்லது. ஆனால் தேங்காயெண்ணெயைப் போல எளிதில் நுரைப்பதில்லை. நாற்றத்தை நீக்காமல் செய்தால் அந்தச் சோப்பை மருந்துக் கடையில் வைத்து விற்கலாமேயன்றி, குளியலறைக்குள் கொண்டுபோக முடியாது.

சோப்பு ஆலைகளில் எண்ணெயைப் பெரிய கொப்பரையில் நீராவியால் கொதிக்கவைத்து, எரிகாரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, பின்னர் உப்பைக் கொட்டுவர். உப்பு சேர்ந்ததும் சோப்பு தயிர்க்கட்டி போலத் திரண்டு மேலே மிதக்க, கிளிசரினும் எஞ்சிய காரமும் நிறமும் அழுக்கும் அடிநீரோடு கீழே தங்கும். அந்த அடிநீரை வடித்துவிட்டு மீண்டும் கழுவுவதைத் திரும்பத் திரும்பச் செய்தால், எண்ணெயின் நிறமும் நாற்றமும் பெருமளவு குறைகின்றன. பின்னர் சோப்பைச் சீவல்களாக உலர்த்தி, வாசனை சேர்த்து, உருளைகளுக்கிடையே அரைத்து, நீண்ட பாளமாகப் பிதுக்கி, வெட்டி, அச்சில் அழுத்துவர். நீக்கவேண்டிய நாற்றத்துக்கும் விட்டுவைக்கவேண்டிய அடையாளத்துக்கும் இடையிலான அளவைக் கண்டறிவதே வேப்பஞ்சோப்புக்காரரின் திறமை. முற்றிலும் நீக்கிவிட்டால் அது வேப்பஞ்சோப்பு என்பதை வாங்குபவர் நம்பமாட்டார்.

1920-இல் வெளிவந்த மார்கோ, வேம்பின் ஆங்கில வழக்குப் பெயரான மார்கோசாவிலிருந்து தன் பெயரைப் பெற்றது. வேம்பின் கசப்புச் சேர்மங்களான நிம்பின் முதலியவற்றைச் சலீமுஸ்ஸமான் சித்திகி பிரித்தெடுத்து வெளியிட்டது 1942-இல். பூச்சிகளை விரட்டும் அசாடிராக்டின் பிரித்தெடுக்கப்பட்டது 1968-இல். அதாவது, வேம்பில் இருப்பது என்ன என்று ஆய்வகம் சொல்வதற்கு இருபதாண்டுகளுக்கு முன்னரே அதைச் சோப்பாக்கி விற்றவர்கள் அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகும் மக்களின் அனுபவத்தை நம்பியே விற்றனர். விளம்பரம் செய்து நம்பவைக்கவேண்டிய பாதி வேலையை ஊர்தோறும் நின்ற மரமே செய்து முடித்திருந்தது.

நிறுவனத்தின் வேப்பம் பற்பசைக்கும் வேம்பின் மீதிருந்த இந்த நம்பிக்கையே கைகொடுத்தது. பற்பசை என்பது பல்லைத் தேய்க்கும் மென்மையான சுண்ணக்கல் தூள், ஈரம் காக்கும் கிளிசரின் அல்லது சார்பிட்டால், இவற்றைப் பிரியாமல் பிணைக்கும் பசைப்பொருள், நுரைப்பான், சுவையூட்டி, நீர் ஆகியவற்றின் கலவை. வேப்பம் பற்பசையில் இவற்றோடு வேம்பின் சாறு சேர்கிறது. குச்சியைக் கடித்துத் துப்பிய தலைமுறைக்கும் பிரஷ் பிடித்த தலைமுறைக்கும் இடையே அது ஒரு சமரசமாக அமைந்தது. தமிழ்நாட்டில் அந்தச் சமரசத்தைப் பெருமளவில் செய்துவைத்தது பற்பசையைவிடப் பல்பொடிதான். இலங்கை வானொலி விளம்பரத்தால் கடல் கடந்தும் தெரிந்த மதுரை கோபால் பல்பொடியை உள்ளங்கையில் கொட்டி, ஆள்காட்டி விரலால் தேய்த்து வளர்ந்தவர்கள் இன்றும் ஐம்பதைத் தாண்டியவர்களாக எங்கும் இருக்கின்றனர். பிரஷும் டியூபும் வாங்குவது கூடுதல் செலவு என்ற கணக்கு மாறும்வரை பொடியே வென்றது. 1937-இல் இந்தியாவில் நிறுவனமாகப் பதிவான கோல்கேட், பற்பசை என்றாலே தன் பெயரைச் சொல்லும் அளவுக்குப் பின்னர் சந்தையைப் பிடித்துக்கொண்டபோது, வேப்பம் பற்பசைக்கு ஓரிடம் எஞ்சியதே அன்றி முதலிடம் கிடைக்கவில்லை.

எளியவர் வாங்கும் விலை என்பதில் தாஸ் உறுதியாக இருந்தார். மலிவு விலைச் சோப்பு மட்டமாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் இன்றும் உண்டு. அதைச் சரிபார்க்க இன்றைய வாங்குபவருக்கு ஒரு வழி இருக்கிறது. சோப்பின் உறையில் டி.எஃப்.எம். என்று அச்சிடப்பட்டிருப்பது மொத்தக் கொழுப்புப் பொருளின் விழுக்காடு. இந்தியத் தர நிர்ணயப்படி குளியல் சோப்பில் அது முதல் தரத்துக்குக் குறைந்தது 76, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60 விழுக்காடு இருக்க வேண்டும். குளியல் சோப்பு என்ற பெயரில்லாமல் குளியல் கட்டி என்ற பெயரில் விற்கப்படுபவற்றுக்கு 40 விழுக்காடே போதும். திரைநடிகையின் படத்தைவிடப் பல மடங்கு சிறிய எழுத்தில் அந்த எண் அச்சாகிறது என்பது வேறு செய்தி.

மார்கோவையும் வேப்பம் பற்பசையையும் தொடர்ந்து லாவெண்டர் டியூ பவுடர், அராமஸ்க் சோப்பு, செக் சலவைத்தூள் எனப் பொருள்கள் பெருகின. 1980-களின் இறுதியில்கூட நாட்டில் மிகுதியாக விற்ற ஐந்து சோப்புகளுள் மார்கோ இடம்பெற்றிருந்தது. கேரளத்தின் இரிஞ்ஞாலக்குடையில் 1940-இல் தோன்றிய சந்திரிகாவும், சென்னையில் இரயில்வே மருத்துவர் வி. பி. சித்தன் 1969-இல் தொடங்கிய மெடிமிக்ஸும் மூலிகைச் சோப்புக்கெனத் தனிச் சந்தை உண்டு என்பதை மேலும் உறுதிப்படுத்தின.

சரிவு சந்தையில் தொடங்கவில்லை, உரிமையில் தொடங்கியது. நிறுவியவர்களின் காலத்துக்குப் பின் கல்கத்தா கெமிக்கல், ஷா வாலஸ் குழுமத்தின் கைக்குப் போயிற்று. மதுபான வணிகத்தை முதன்மையாகக் கொண்ட குழுமத்துக்கு வேப்பஞ்சோப்பு பக்கத்தொழிலாகவே இருந்திருக்கும். புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஜெர்மனியின் ஹென்கல் நிறுவனத்தின் இந்தியக் கிளைக்கு மாறியது. தமிழ்நாட்டின் ஸ்பிக் குழுமத்தோடு கூட்டாகச் சென்னையைத் தலைமையிடமாகவும் காரைக்காலைத் தொழிற்சாலைக்கு இடமாகவும் கொண்டு தோன்றிய நிறுவனம் அது. ஆட்சியாளரின் பொருளைப் புறக்கணிக்கப் பிறந்த சோப்பு, 1876-இல் ஃபிரிட்ஸ் ஹென்கல் தொடங்கிய ஐரோப்பியப் பெருநிறுவனத்தின் பட்டியலில் ஒரு வரியாக மாறியதை வரலாற்றின் குறும்பு என்பதா, வணிகத்தின் இயல்பு என்பதா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். 2011-இல் ஜோதி லேபாரட்டரீஸ் ஹென்கல் இந்தியாவின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியதும் மார்கோ மீண்டும் இந்திய உரிமைக்கு வந்தது. திருச்சூர் மாவட்டத்துச் சிற்றூரில் 1983-இல் எம். பி. இராமச்சந்திரன் ஐயாயிரம் ரூபாய் முதலுடன் தொடங்கிய அந்த நிறுவனம், வெள்ளைத் துணிக்கான உஜாலா நீலத்தால் வளர்ந்தது. வெள்ளைப் பனியன் விற்கும் ஊருக்கு அந்த நீலச் சொட்டைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இதற்கிடையே, வேம்பின் பயனுக்கே அயல்நாட்டார் உரிமை கோரிய நிகழ்வும் உண்டு: வேப்பெண்ணெயால் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு 1994-இல் அமெரிக்காவின் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் அந்நாட்டு வேளாண் துறையும் பெற்ற ஐரோப்பியக் காப்புரிமை 2000-இல் நீக்கப்பட்டு, 2005-இல் அந்தத் தீர்ப்பு மேல்முறையீட்டிலும் உறுதியானது.

அனுப்பர்பாளையத்தை உள்ளடக்கிய திருப்பூர் வட்டாரத்துக்கு இந்த வரலாற்றோடு உள்ள தொடர்பு சுதேசியில் தொடங்குகிறது. அகில இந்திய நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரில் இருந்தபோது இவ்வூர் கதருக்குப் பெயர்பெற்றது. 1932 ஜனவரியில் குமரன் கொடியோடு உயிர் துறந்ததும் இங்கேதான். இன்று சாயப்பட்டறையில் சாயமேற்றிய துணியைக் கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த சூட்டில் சோப்புக் கரைசலில் அலசி, நூலில் ஒட்டாத சாயத்தை வெளியேற்றும் வேலைக்குச் சோப்பிங் என்றே பெயர்; அது சரியாக நடக்காத துணி முதல் துவைப்பிலேயே சாயம் விடும். ஆனால் அவ்வளவு கவனமாகச் செய்த ஏற்றுமதி ஆடையின் கழுத்துப்பட்டையில் தைக்கப்படும் பெயர்ச்சீட்டு பெரும்பாலும் அயல்நாட்டு நிறுவனத்துடையது. பாத்திரப் பட்டறையில் தகடு வெட்டி, அடித்து, கடைசல் பிடித்து, பாலீஷ் செய்த குடத்துக்கும் பெரும்பாலும் அதே நிலைதான். செய்தவரின் முத்திரையைப் பார்த்து அதை வாங்குபவர் குறைவு. கல்கத்தா கெமிக்கலின் வரலாறு இங்கே ஒரு கணக்கைக் காட்டுகிறது: உரிமை மாறியபோதெல்லாம் வாங்க வந்தவர்கள் விலை கொடுத்தது கட்டடத்துக்கும் கொப்பரைக்கும் அல்ல, மார்கோ என்ற ஐந்தெழுத்து ஆங்கிலப் பெயருக்கே.

ஆகவே, இப்பகுதியின் பாத்திர உற்பத்தியாளர் அமைப்புகளும் பின்னலாடைச் சங்கங்களும் தம் உறுப்பினர்களின் பழைய கணக்கேடுகள், அச்சுகள், பெயர்ச்சீட்டுகள், விலைப்பட்டியல்கள், முத்திரைப் பதிவுகள் ஆகியவற்றைப் பழைய பேப்பர் கடைக்கும் உருக்கு உலைக்கும் போகுமுன் திரட்டி ஓரிடத்தில் வைக்க வேண்டும்; சொந்த முத்திரையில் விற்றுவரும் பட்டறைகள் அதைச் சட்டப்படி பதிவுசெய்துகொள்ள வேண்டும். பதிவுக் கட்டணம் ஒரு நல்ல அண்டாவின் விலையைச் சுற்றியே இருக்கும்.